வெந்நீர் ஊற்றினாலும் நெருப்பு அணையும்

கேள்வி: எனக்கு 52 வயது. மதுரையிலிருந்து நீலகிரியில் உதகைக்கு அருகே கேத்தி பக்கம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஆடிச் சாரல் தொடங்கியதிலிருந்து பசியே இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டாலும் வயிறு கல் மாதிரி இருக்கிறது. நாக்கில் வெள்ளையாகப் படிகிறது. கைகால் எப்போதும் சில்லென்று இருக்கிறது. உடம்பில் நெருப்பு குறைந்துபோச்சு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதனால் ஒன்றரை மாதமாக மூன்று வேளையும் சுக்கு, மிளகு, திப்பிலிக் கஷாயம் குடிக்கிறேன். பசி வரவில்லை, நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் வந்ததுதான் மிச்சம். ராத்திரி குளிருக்கு அறைக்குள் கரிச்சட்டி வைத்துக்கொள்கிறேன். காலையில் தலைவலியோடு எழுந்திருக்கிறேன். ஆயுர்வேதம் சொல்கிற நெருப்பு பூதம் என்பது என்ன? என்னிடம் அது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? குளிரில் நெருப்பு குறையும் என்றால் இங்கேயே பிறந்தவர்கள் களியும் அவரையும் சாப்பிட்டுச் செரிப்பது எப்படி?
— வாசகி, கேத்தி

பதில்:

அம்மா, உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன்னால் கரிச்சட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரியிலிருந்தே அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிச் செக்கச்செவேல் என்று தணலாகிவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. புகை இல்லாததால் மூக்குக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். வாயு வந்துகொண்டேதான் இருக்கிறது. குளிருக்காக சன்னலை இறுக மூடிய அறையில் அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காலைத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி எல்லாம் அதன் அறிகுறிகள். தூக்கத்திலேயே உயிர் போவதும் உண்டு. வெளியே நடந்தால் தலைவலி குறைகிறதா, அதே அறையில் படுப்பவருக்கும் தலை வலிக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அது பித்தத் தலைவலி இல்லை, கரிதான் காரணம். கரிச்சட்டியை வெளியேற்றிய பிறகும் தலைவலி நீடித்தால் மருத்துவமனைக்குப் போங்கள். படுக்கையைச் சூடாக்க வெந்நீர்ப் பை போதும். மூன்றில் இரண்டு பங்கு வெந்நீர் நிரப்பி, மீதிக் காற்றை அழுத்தி வெளியேற்றி, துண்டில் சுற்றி, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கம்பளிக்குள் வையுங்கள்.

இனி நெருப்புக்கு வருவோம்.

ஐந்து பூதங்களில் நெருப்பு என்னும்போது ஆயுர்வேதம் அடுப்பில் எரிவதை மட்டும் சொல்வதில்லை. சூடு, கூர்மை, நுட்பம், லேசான தன்மை, வறட்சி, தெளிவு ஆகிய குணங்கள் எந்தப் பொருளில் மேலோங்கி நிற்கின்றனவோ அதில் நெருப்பு பூதம் மிகுந்திருக்கிறது என்று கணக்கு. ஒன்றை வேறொன்றாக மாற்றுவது அதன் வேலை. அரிசி சோறாவதும், சோறு ரத்தமாவதும் அந்த ஒரே வேலைதான். சுவையிலும் அது இருக்கிறது. காரம் மட்டும்தான் நெருப்பு என்று நினைத்துவிடக் கூடாது. காரத்தில் அது காற்றோடும், புளிப்பில் மண்ணோடும், உப்பில் நீரோடும் சேர்ந்திருக்கிறது. ஊறுகாய் ஒரு துண்டு நாக்கில் பட்டதும் வாய் ஊறுவதும், அதையே நாலு துண்டு தின்றால் நெஞ்சு எரிவதும் இதனால்தான்.

உடம்புக்குள் இந்தப் பூதம் தனியாகச் சுடர்விட்டுக்கொண்டு நிற்பதில்லை. பித்தம் என்ற ஈரமான பொருளில் தங்கி வேலை செய்கிறது. பித்தம் சூடானது, கூர்மையானது. அதோடு அது திரவமும்கூட. அதற்குள் இருந்து உணவை வேகவைக்கிற ஆற்றலுக்குத்தான் அக்கினி என்று பெயர். வயிற்றில் ஒன்று, ஐம்பூதக் கூறுகளைச் செரிக்க ஐந்து, ரத்தம், தசை, எலும்பு என உடம்பைக் கட்டும் ஏழு தாதுக்களுக்கு ஏழு என்று மொத்தம் 13 அக்கினிகளைச் சொல்வார்கள். மற்ற 12-க்கும் வயிற்றுத் தீயே ஆதாரம் என்பதால் வைத்தியமும் அங்கிருந்துதான் தொடங்கும். இது தமிழுக்குப் புதிதல்ல. தன் தீயின் அளவு தெரியாமல் அதிகம் உண்பவனுக்கு நோயும் அளவில்லாமல் வரும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 947-வது குறள் சொல்கிறது. அங்கே 'தீ' என்பது செரிக்கும் ஆற்றல்தான்.

உங்களுக்கு நேர்ந்த தவறு, சூட்டையும் தீயையும் ஒன்றாக எண்ணியது. சூடு கூடினால் தீயும் கூடும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதையில், கிரகணி என்ற செரிமான நோயைச் சொல்லும் பகுதியில் ஒரு உவமை இருக்கிறது. காரம், புளிப்பு, உவர், எரிச்சல் உண்டாக்கும் உணவு, செரிக்காத உணவு இவற்றால் பெருகிய பித்தம், வெந்நீர் நெருப்பை அணைப்பதுபோல அக்கினியை மூழ்கடித்து அணைத்துவிடும் என்கிறது. வெந்நீரும் சூடுதான். ஆனாலும் அடுப்பில் ஊற்றினால் தணல் அணைந்துவிடும். நெஞ்சில் எரிச்சலும் வயிற்றில் மந்தமும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் எப்படி வரும் என்ற குழப்பத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. உங்களிடம் தீ குறைந்திருக்கிறது, பித்தத்தின் சூடு கூடியிருக்கிறது. இரண்டும் உண்மை.

நடந்தது இதுதான் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. முதலில் சாரலில் தீ மந்தமானது. மந்தத் தீயில் செரிக்காமல் தங்கிய உணவுக்கு ஆமம் என்று பெயர். காலையில் நாக்கில் வெள்ளைப் படிவு, உடம்பு கனம், சாப்பிட்டது நெடுநேரம் கழித்தும் அதே வாசனையோடு ஏப்பமாக வருவது எல்லாம் அதன் அடையாளங்கள். அந்த நேரத்தில் செய்திருக்க வேண்டியது உணவைக் குறைத்து, உள்ளே கிடப்பது செரிய நேரம் விடுவது. நீங்கள் உணவைக் குறைக்காமல் கஷாயத்தைக் கூட்டினீர்கள். ஈர விறகை அடுப்பில் திணித்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினால் குபீர் என்று எரிந்து அடங்கும், விறகு அப்படியே கிடக்கும். ஒன்றரை மாதம், தினம் மூன்று வேளை என்பது திரிகடுகத்துக்கு மிக அதிகம். சுக்கும் மிளகும் திப்பிலியும் நல்ல மருந்துகள். ஆனால் வாய்ப்புண் வந்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும்.

குளிரில் நெருப்பு குறையும் என்பதும் பாதிதான் உண்மை. முன்பனிக் காலத்தில் ஆரோக்கியமான ஆளின் வயிற்றுத் தீ வருடத்திலேயே மிக வலுவாக இருக்கும் என்பது ஆயுர்வேதத்தின் முடிவு. வெளிக்குளிர் தோலின் வழிகளை அடைத்துவிட, சூடு வெளியேற வழியின்றி உள்ளே திரள்கிறது. மேலே மண் பூசி மூடிய குயவர் சூளை உள்ளே கனல்வதுபோல என்று இதற்கு உவமை சொல்வார்கள். குளிரில் கைகால் சில்லிடுவதும் இதன் மறுபக்கமே. உடம்பு ரத்தத்தைத் தோலிலிருந்து உள்ளுக்கு இழுத்து, நடு உடம்பின் சூட்டைக் காப்பாற்றுகிறது. அதனால் கை சில்லென்று இருப்பதை வைத்து மட்டும் உள்ளே தீ இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

தீயைக் கெடுப்பது குளிரைவிட ஈரம்தான். மழைக்காலத்தில் அக்கினி மிகவும் பலவீனமாக இருக்கும் என்று நூல்கள் ஒருமுகமாகச் சொல்கின்றன. நம் மலையில் மார்கழி, தை மாதத்து உறைபனி வேறு, ஆடிச் சாரல் வேறு. உறைபனிக் காலத்தில் பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும், காற்று உலர்ந்திருக்கும். சாரலில் நாள் கணக்கில் வெயிலே தெரியாது, துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, நீங்களும் வீட்டை விட்டு இறங்குவதில்லை. இங்கே பிறந்து தோட்டத்திலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் வேலை செய்பவர்கள் இந்தச் சாரலிலும் மேட்டில் ஏறி இறங்குகிறார்கள். உழைப்பைப்போலத் தீயை மூட்டுவது வேறில்லை. சிறு வயதிலிருந்தே களிக்கும் அவரைக்கும் பழகிய வயிறு என்பதும் இருக்கிறது. அவர்கள் தட்டைப் பார்த்து நீங்கள் சாப்பிடக் கூடாது, உங்கள் மதுரைத் தட்டை அப்படியே இங்கே வைத்துக்கொள்ளவும் கூடாது.

வயிற்றுத் தீயைப் பற்றிப் பேசும்போது அடுப்புத் தீயை மறந்துவிடுகிறோம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று இறக்கினால் பருப்பின் நடுவே விறைப்பு நிற்கும். வெளித்தீ முடிக்காத வேலை உள்தீயின் தலையில் விழுகிறது. பருப்பு, பயறு எதையும் திறந்த பாத்திரத்தில் வேகவைக்காதீர்கள். குக்கரிலும் சமவெளியில் 10 நிமிடம் என்றால் இங்கே 13 நிமிடம் வையுங்கள். துவரம்பருப்பை ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவிடுங்கள். உலர்ந்த பட்டர் பீன்ஸ், ராஜ்மா போன்றவற்றைப் 10, 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் அழுத்தினால் மாவாக நசுங்கும்வரை வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி பேதி வரைக்கும் கொண்டுபோகும்.

இட்லி கல்லாக இருப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கும். மதுரையில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு, இந்தச் சாரலில் மறுநாள் மதியம்கூடப் பொங்காது. பொங்காத மாவில் வார்த்த இட்லி உளுந்துக் கட்டிதான். மூன்று வாரம் இட்லி தோசையை விட்டுவிடுங்கள். பிறகு வேண்டுமானால் மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, கம்பளியால் மூடி, இரண்டு பங்காக உப்பிய பிறகே வாருங்கள்.

தயிர் விஷயம் இன்னும் முக்கியம். சரியாக உறையாமல், நூல் நூலாக இழுக்கிற தயிருக்கு ஆயுர்வேதத்தில் மந்தகம் என்று தனிப் பெயரே உண்டு. உடம்பின் வழிகளை அடைக்கும் பொருள்களில் அதைத்தான் முதலில் வைக்கிறார்கள். மலையில் பாதி வீடுகளில் இந்த மாதங்களில் சாப்பிடுவது அந்தத் தயிரைத்தான். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, சுண்டுவிரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி மோர் கலந்து, ஹாட் பாக்ஸில் மூடி 10 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கத்தியால் வெட்டினால் துண்டாக நிற்க வேண்டும். இழுத்தால் சாப்பிடாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். முதல் இரண்டு நாளும் கஞ்சி மட்டும். 50 கிராம் பச்சரிசி நொய்யை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, 14 பங்கு, அதாவது 700 மில்லி தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். இந்த உயரத்தில் 40 நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். ஒரு சிட்டிகை சீரகப்பொடி, கொஞ்சம் இந்துப்பு. முதல் நாள் மேலே தெளிகிற கஞ்சியை மட்டும் குடியுங்கள். இரண்டாம் நாள் சோற்றோடு சேர்த்து. மூன்றாம் நாள் தண்ணீரை 6 பங்காகக் குறைத்து, அரிசியில் பாதி அளவு வறுத்த பாசிப்பருப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டாம், பசித்தால் மட்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் இந்தக் கஞ்சி நாள்களை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

குடிக்க, கொத்தமல்லி விதை இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு முக்கால் லிட்டராகும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டி, இளஞ்சூட்டில் நாள் முழுக்க வைத்துக் குடியுங்கள். மல்லி தீயையும் தூண்டும், எரிச்சலையும் ஆற்றும். இந்த நிலைக்கு இஞ்சி வகைகளைவிட அதுவே பொருந்தும். வெந்நீர் நல்லது என்று லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். வாய்ப்புண்ணுக்கு ஒரு தேக்கரண்டி நெய்யைக் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் வாயில் வைத்திருந்து துப்புங்கள்.

நான்காம் நாளிலிருந்து மதிய உணவுதான் பெரிய உணவு. பழைய அரிசிச் சோறு, குழைந்த பாசிப்பருப்பு, பீர்க்கங்காய், சுரைக்காய், நன்றாக வெந்த கேரட். முதல் கவளத்தில் அரைத் தேக்கரண்டி உருக்கிய நெய். நெய்யைப் பித்தத்துக்கும் தரலாம், தீக்கும் தரலாம், ஆனால் அளவு தாண்டினால் மந்தம்தான். வயிற்றில் பாதி சோறு, கால் பங்கு நீர், கால் பங்கு காலி என்ற கணக்கில் எழுந்துவிடுங்கள். நூறு அடி நடங்கள். சாரலில் மதியம் கம்பளிக்குள் சுருண்டு தூங்குவது சுகம்தான், ஆனால் பகல் தூக்கம் மந்தத்தைக் கூட்டும். இரவுக்கு ஏழு மணிக்கு முன் லேசாக ஏதாவது. உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், புளித்த ஊறுகாய் மூன்று வாரத்துக்கு வேண்டாம். மாலைத் தேநீரோடு வர்க்கி சாப்பிடும் பழக்கம் வந்திருந்தால் அதையும் விடுங்கள். மைதாவும் கொழுப்பும் மடித்து மடித்துச் சுட்டது, மந்தத் தீக்கு அதைவிடக் கனமான விறகு தேட வேண்டியதில்லை. தேநீர் காலையில் ஒன்று போதும், வெறும் வயிற்றில் கூடாது.

நாக்கு வெளுப்பு போய், நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் முழுக்க ஆறிய பிறகுதான் தீயைத் தூண்டும் மருந்து. பத்து நாளும் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம், அவசரப்படாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன், நகத்தளவு இஞ்சிச் சீவல் ஒன்று, அதில் இரண்டு மூன்று கல் இந்துப்பு. நாளுக்கு ஒரு முறை. வயிற்று உப்புசமும் இருந்தால் இஞ்சிக்குப் பதில் இங்குவாஷ்டக சூரணம் கால் தேக்கரண்டி, முதல் கவளத்தில் நெய்யோடு பிசைந்து. அதில் பெருங்காயமும் திரிகடுகமும் உப்பும் இருப்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எரிச்சல் திரும்பினால் அன்றே நிறுத்துங்கள். தீயைத் தூண்டுவதில் சிறந்தது என்று யாராவது சித்திரமூலத்தைச் சொன்னால் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சுத்தி செய்யாத அந்த வேர் வாயையும் குடலையும் புண்ணாக்கும். இந்தக் கட்டத்தில் மதியம் புளிக்காத மோரும் சேர்க்கலாம். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு நீர் விட்டுக் கடைந்து, வெண்ணெய் எடுத்தது.

தீ திரும்புகிறது என்பதற்கு அடையாளம் நாக்கு ருசி அல்ல. சாப்பிட்டு நாலைந்து மணி நேரத்தில் வாசனையற்ற சுத்தமான ஏப்பம், உடம்பு லேசு, மலம் தடையில்லாமல் போவது, பிறகு தானாக வரும் பசி. இந்த நான்கையும் ஒரு நோட்டில் தினமும் குறித்துவாருங்கள். ஊறுகாயைப் பார்த்தால் மட்டும் வருவது பசி அல்ல.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத சிலவற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. முழங்கால் வலிக்கோ தலைவலிக்கோ கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? வலி மாத்திரைகளே இரைப்பையைப் புண்ணாக்கிப் பசியைக் கெடுக்கும். அப்போது எந்தக் கஞ்சியும் உதவாது. சில்லிப்பு, பசியின்மை, மலச்சிக்கல், அசதி இவற்றில் மூன்று நான்கு சேர்ந்திருந்தால், தைராய்டு சுரப்புக் குறைவிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, தார்போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே இரைப்பைக் குடல் மருத்துவரிடம் போங்கள். அவை இல்லாவிட்டாலும் 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த செரியாமை மூன்று வாரத்தில் சீராகாவிட்டால் எண்டோஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது. மேட்டில் ஏறும்போது நெஞ்சில் எரிச்சலோ இறுக்கமோ வந்து, நின்றால் குறைகிறது என்றால் அதை வயிற்றுக் கோளாறு என்று எண்ணாமல் அன்றே ஈ.சி.ஜி. எடுங்கள். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணையும் நேரில் காட்ட வேண்டும். பரிசோதனை முடிவுகளும் அந்த நோட்டும் கையில் வந்ததும் மறுபடி எழுதுங்கள். மருந்து தேவையா, தேவையென்றால் எது என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.